வாடும் செம்பருத்தியில் தேன்சிட்டு: படம் ஏன் மங்குது?

கேள்வி: சாயங்காலம் சுருங்குற செம்பருத்திக்கு ஊதாத் தேன்சிட்டு வருது. 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், ஷட்டர் வேகம் 1/500 நொடி. சிறகு மங்கல், கழுத்து வெறும் கறுப்பு. எங்க தப்பு?

பதில் 1: 1/500 போதவே போதாது. ஷட்டர் 1/2000 நொடி, லென்ஸ் துவாரம் எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ (கேமராவே மாத்திக்கிற ஒளி உணர்திறன்) வரம்பு 3200. காலை 7-8 மணிக்கு, வெயில் உங்க முதுகுல விழுற மாதிரி நில்லுங்க. கழுத்து மினுமினுப்பு சாயம் இல்ல, இறகின் நுண்ணமைப்பு. ஒளி நேரா பட்டாத்தான் தெரியும்.

பதில் 2: ஃபோகஸ் இதழ்ல வேண்டாம். சிட்டு பூ வாய்க்குள்ள போகாம, அடியில அலகால ஓட்டை போட்டுக் குடிக்கும். காம்புப் பக்கம் ஒற்றை ஃபோகஸ் புள்ளி வச்சுக் காத்திருங்க.

கேட்டவர்: ஜன்னல் கண்ணாடி வழியாத்தான் எடுக்கிறேன்...

பதில் 1: அட, அதைச் சொல்லலையே! உள்விளக்கை அணைச்சு, லென்ஸ் ஹூடை (லென்ஸ் முனையில மாட்டுற மறைப்பு) ஜன்னல் கண்ணாடியோட ஒட்டி வைங்க. வெள்ளை மதில் பின்னணின்னா எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவு) +1 கூட்டுங்க.