மறு: உறங்கி எழும் கணினியில் ‘கிளாக்’ நிலை – மீட்டமை வேண்டாமே

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஊருக்குப் போயிருந்தேன். கணினி உறங்கி எழும்போது ‘கிளாக்’ நிலையைக் காப்பாற்றித் திரும்பக் கொண்டுவருவதை மென்பொருள் தமிழாக்கத்தில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழை இவ்வளவு நீண்டதே தெரியாது. நேற்றிரவுதான் மொத்தமாகப் படித்தேன்.

> ‘வன்பொருள் கடிகார நிலையைச் சேமித்து மீட்டமைத்தல்’ என்று போட்டு முடித்துவிடலாமா?

வேண்டாம். இதைப் படிப்பவர், கணினி தூங்கி எழுந்ததும் மணி சரியாகக் காட்டுவதைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். மணி பார்க்கும் சில்லுக்கு இங்கே வேலையே இல்லை. அது தனக்கென்று 32,768 ஹெர்ட்ஸ் படிகமும், பெரும்பாலும் ஒரு பொத்தான் பேட்டரியும் வைத்துக்கொண்டு, கணினி தூங்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுந்ததும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதனிடம்தான் ‘எவ்வளவு நேரம் தூங்கினேன்?’ என்று கேட்டுத் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்வது வழக்கம். தூங்காத ஒன்றின் நிலையை எதற்குச் சேமிக்க வேண்டும்?

நிலையை இழப்பது இன்னொரு கிளாக். சில்லின் உள்ளே ஒவ்வொரு மின்சுற்றுக்கும் ‘தட், தட்’ என்று துடிப்பு அனுப்பும் அமைப்பு. பிஎல்எல் (துடிப்பின் வேகத்தைப் பெருக்கும் சுற்று) எத்தனை மடங்கு பெருக்குகிறது, வகுப்பான் எத்தனையால் வகுக்கிறது, எந்த மூலத்திலிருந்து துடிப்பை எடுக்கிறது, துடிப்பை விடும் வாயில் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எல்லாமே பதிவகங்களில் (சில்லுக்குள் இருக்கும் குட்டிக் குட்டி நினைவிடங்களில்) சில பிட்டுகள்தான். அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் அவை போச்சு.

போனால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஒரு பலகையைத் தூங்கவைத்து எழுப்பினால் சீரியல் கன்சோலில் (பலகை கேபிள் வழியே அனுப்பும் எழுத்துகளைப் பார்க்கும் திரையில்) குப்பை எழுத்துகளாக வரும். கேபிளை மாற்றினேன், லேப்டாப்பையும் மாற்றினேன். அரை நாள் போயிற்று. பிறகுதான் புரிந்தது. சீரியல் போர்ட்டுக்கு 48 மெகாஹெர்ட்ஸ் வரவேண்டும். அதை 16-ஆலும் பிறகு 26-ஆலும் வகுத்தால் ஏறக்குறைய 1,15,385. நமக்கு வேண்டிய வேகமான நொடிக்கு 1,15,200 பிட்டுக்கு அது போதுமான நெருக்கம். தூங்கி எழுந்த பிறகு டிரைவர் தன் 26-ஐ ஒழுங்காகத் திரும்ப எழுதியிருந்தது. ஆனால் மேலே இருந்த மூலம் தன் தொடக்க நிலைக்குப் போய், வெறும் 24 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேகம் பாதி, எழுத்தெல்லாம் குப்பை. இதில் வேடிக்கை என்னவென்றால், கெர்னலின் கணக்குப் புத்தகத்தில் 48 என்றே இருந்தது. அந்தப் புத்தகம் நினைவகத்தில் இருக்கிறது, நினைவகம் தூக்கத்திலும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு உயிரோடு இருக்கும். புத்தகம் ஒன்று சொல்ல, வன்பொருள் வேறொன்று செய்தது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

முதலில் ‘கிளாக்’. ‘கன்னல்’ என்று ஒருவர் சொன்னது அழகான சொல்தான். சங்க காலத்து நீர்க்கடிகாரம். ஆனால் அதுவும் நேரம் அளப்பதே, நமக்கு வேண்டியது அதுவல்ல. போதாக்குறைக்குப் பாதிப்பேர் கரும்பு என்று படிப்பார்கள். ‘தாளம்’ எனக்கு உள்ளூரப் பிடித்தது. வகுப்பானை மாற்றி வேகத்தை இரட்டிப்பாக்குவது முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போவது மாதிரியே இருக்கிறது. ஆனால் ‘தாளத்தை நிறுத்து’ என்று மெனுவில் வந்தால் ஆடியோ மென்பொருள் என்று நினைத்துவிடுவார்கள். ‘துடிப்பு’ ஒரே ஒரு துடிப்பையும் குறிக்கும், துடிப்பை அனுப்பும் மூலத்தையும் குறிக்கும், மயக்கம். அதனால் மூலத்துக்குத் ‘துடிப்பி’ என்கிறேன். இயக்கி, உலவி, செயலி வரிசையில் காதுக்குப் பழகிவிடும். தவிர, மற்ற சுற்றுகளைத் துடிப்பிப்பதுதானே அதன் வேலை? மணி பார்க்கும் சில்லுக்குக் ‘கடிகாரம்’ அப்படியே இருக்கட்டும்.

அடுத்து ‘மீட்டமை’. என் பெரிய சண்டை இதனோடுதான். கைப்பேசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவதற்கும் நாம் ‘மீட்டமை’ என்கிறோம். பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் ‘மீட்டமை’ என்கிறோம். ரீசெட், ரெஸ்டோர் இரண்டுக்கும் ஒரே சொல். வேறு இடத்தில் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே முடியாது, ஏனென்றால் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்: மின்சாரம் போய்த் தொடக்க நிலைக்கு வந்துவிட்ட பதிவகத்தில் பழைய மதிப்பை எழுதுகிறோம். இப்போதைய வழக்கப்படி மொழிபெயர்த்தால் ‘மீட்டமைக்கப்பட்ட பதிவகத்தை மீட்டமை’ என்று வரும். ஆவணத்தில் உண்மையாகவே அப்படி ஒரு வரி கண்டேன், சிரித்துவிட்டேன்.

அதனால் ரீசெட்டுக்குத் ‘தொடக்கநிலையாக்கு’, ரெஸ்டோருக்கு ‘மீட்டெழுது’. நடப்பது எழுதுவதுதான், வேறு மாயமில்லை. ‘மேலெழுது’ ஏற்கெனவே ஓவர்ரைட்டுக்குப் போய்விட்டதால் குழப்பம் வராது. இதற்கு ஜோடியாகச் ‘சேமி’ வேண்டுமா? சேமி என்றால் வட்டில் கோப்பாகப் போகிறது என்ற நினைப்பு வரும். இங்கே ஒரு பதிவகத்தைப் படித்து மதிப்பை நினைவகத்தில் ஓரமாக வைக்கிறோம், அவ்வளவே. ‘குறித்துவை’ போதும். குறித்துவை, மீட்டெழுது.

> மீட்டெழுதுவதில் வரிசை முக்கியமா? சொல்லில் அது தெரிய வேண்டுமா?

வரிசை மிகவும் முக்கியம், சொல்லில் தெரியத் தேவையில்லை. துடிப்பிகள் ஒரு மரம்: மேலே இருப்பது தாய், அதனிடமிருந்து துடிப்பை எடுப்பது சேய். லினக்ஸில் 3.4 பதிப்பிலிருந்து (2012) இதற்கென்று ஒரு பொதுக் கட்டமைப்பு இருக்கிறது. அதில் பின்னால் சேர்ந்த சேவ்-கான்டெக்ஸ்ட் (நிலையைக் குறித்துவைக்கும்) வேலை சேயிலிருந்து தாய்க்குப் போகும். ரெஸ்டோர்-கான்டெக்ஸ்ட் (மீட்டெழுதும் வேலை) தாயிலிருந்து சேய்க்கு இறங்கும். காரணம் எளிது. பிஎல்எல்லுக்கு மதிப்பை எழுதினால் உடனே நிலைப்படாது, பூட்டிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். அதற்கு முன் சேய் அதைப் பிடித்துக்கொண்டால் கணினி அப்படியே உறைந்து நிற்கலாம். ‘பேரன்ட்’டுக்குத் ‘தாய்’ என்று நான் எழுதுவதைப் பற்றி மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ‘பெற்றோர்’ இரண்டு பேர் என்ற எண்ணம் தருகிறது, துடிப்பிக்கோ ஒரு நேரத்தில் ஒரே தாய்.

கணினியைத் தூங்கவைக்கும் சஸ்பெண்டுக்கு ‘இடைநிறுத்தம்’ வேண்டாம் என்பவர்களோடு நானும். பணியிடை நீக்கம் ஞாபகம் வருகிறது. உறக்கம், விழிப்பு என்ற ஜோடி இயல்பாக இருக்கிறது. ஆனால் ஹைபர்னேட்டை (நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவதை) அப்புறம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ‘ஆழ்துயில்’ என்று ஒருவர் சொன்னார், மனம் ஒப்பவில்லை.

ஆக, தலைப்புத் தொடர் இப்படி: ‘உறக்கத்தின்போது துடிப்பி நிலையைக் குறித்துவைத்தலும் விழித்ததும் மீட்டெழுதுதலும்’. நீளம்தான். மெனுவுக்கு ‘துடிப்பி நிலை மீட்டெழுது’ போதும். ஞாயிறுவரை பார்க்கிறேன், எதிர்ப்பு வராவிட்டால் கோப்பில் ஏற்றிவிடுகிறேன், ஹைபர்னேட் வரியை மட்டும் காலியாக விட்டு.