ராத்திரி டெக்கும் ஆறு பேர் மேட்னியும்

போன செவ்வாய்க்கிழமை மேட்னி போயிருந்தேன். என்னையும் சேர்த்து ஆறே பேர். கவுன்ட்டரில் இருந்த பையன், "இன்னும் ரெண்டு பேர் வந்தாத்தான் சார் ஷோ" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் மனசு இரங்கிப் போட்டார்கள், ஆனால் இடைவேளை வரை ஏசி கிடையாது. யாரைக் குறை சொல்வது? நாலு வாரம் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். 2021 ஜனவரி 13இல் வெளியான மாஸ்டர் 29ஆம் தேதியே பிரைமில் வந்தது, அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரையும் தியேட்டருக்குக் கிளப்ப முடியவில்லை.

எனக்கோ வீட்டில் படம் பார்ப்பது என்றால் 1988தான், தென்காசி பக்கம் எங்கள் தெரு. வீட்டுக்கு அஞ்சு ரூபாய் வசூல் பண்ணி டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி, வாடகைக்கு எடுப்போம். டிவியைப் பழைய போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்து ஒருவர் தள்ள, இருவர் பிடித்துக்கொண்டே வருவார்கள். மூன்று கேசட். முதலில் சாமிப் படம், அது முடிவதற்குள் பாட்டிகள் தூங்கிவிடுவார்கள், அப்புறம் குடும்பப் படம், சண்டைப் படம் எப்போதும் கடைசி. படத்தில் கோடு கோடாக விழுந்தால் மாமா டெக்கைத் திறந்து வெள்ளைத் தாளை மடித்து, கேசட் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பார், அதுவரை முற்றத்தில் நாற்பது பேரும் மூச்சுவிட மாட்டோம். அன்றைக்கு வீட்டில் இருந்த கூட்டம் இன்றைக்குத் தியேட்டரில் இல்லை.

* * *

அண்ணா, உங்கள் டெக் கதையைப் படித்தேன், எங்கள் வீட்டுக் கதை வேறு. குழந்தை தூங்கியபின் பத்து மணிக்குத்தான் படம். வசனம் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடி குண்டு வெடிக்கும், தொட்டிலில் அழுகை. ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாது. தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில் வருமாம், வீட்டு டிவியில் எல்லாச் சத்தமும் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அடைபடுவதால் வசனம் அமுங்குகிறது என்று சவுண்ட் வேலை பார்க்கும் என் தம்பி சொன்னான். டிவி சவுண்ட் செட்டிங்கில், திடீர்ச் சத்தத்தை அடக்கும் நைட் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள், எங்களுக்குப் பாதித் தொல்லை குறைந்தது. மீதிப் பாதி, ஒரு படம் முடிய நாலு நாள் ஆகிறது. வில்லன் யாரென்று தெரியவரும்போது ஹீரோவுக்குத் தங்கை ஒருத்தி இருந்ததே மறந்துபோகிறது.

* * *

என் பங்குக்கு நானும் சொல்கிறேன். என் அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியும் தகராறு. கடைசியாகத் தியேட்டர் கூட்டிப்போனபோது இருட்டுப் படியில் ஒவ்வொரு சீட்டின் முதுகையும் பிடித்துப் பிடித்து இறங்கினார், பாத்ரூம் வரிசையில் நின்று திரும்புவதற்குள் இடைவேளை முடிந்து கால் மணி நேரம் ஓடியிருந்தது. அதோடு சரி, வீட்டில்தான். ஆனால் பாஸ் பட்டனை மட்டும் தொடவிட மாட்டார். போன் வந்து நான் எழுந்தால், "நிறுத்தாதே, நீ போய்ட்டு வா, நான் கதை சொல்றேன்" என்பார். சொல்லவும் சொல்வார், படத்தில் இல்லாததையும் சேர்த்து.