எதிரே கைகூப்பியிருப்பவர் யார்?

குழு: மேலவீதி வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

கௌரி, காலை 9:12
[படம்]
திருவையாறு வந்துவிட்டோம். தியாகராஜர் சமாதியில் இருக்கிறோம். காவிரியில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது.

மீனா சித்தி, 9:14
வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடு கண்ணு. அசோகா அல்வா வாங்க மறக்காதே.

கௌரி, 9:20
[படம்]
சரி சித்தி. சந்நிதிக்கு எதிரே ஓர் அம்மாள் சிலை கைகூப்பியபடி இருக்கிறது. யார் இவர்? தியாகராஜரின் மனைவியா?

சுந்தரம் பெரியப்பா, 9:23
ஆமாம், மனைவியேதான். அந்தக் காலத்துப் பதிவிரதைகள் அப்படித்தான். இறந்த பிறகும் கணவரைப் பார்த்தபடி!

லலிதா அத்தை, 9:24
அண்ணா!!

லலிதா அத்தை, 9:25
தெரியாவிட்டால் சும்மா இருக்கக் கூடாதா? அவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். வெறும் சிலை இல்லை கௌரி, அவருடைய சமாதியே அதுதான். 1952 மே மாதம் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

சுந்தரம் பெரியப்பா, 9:26
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாபு மாமா (புதுச்சேரி), 9:27
நான் ஏற்கெனவே படித்துவிட்டேன் அத்தான்.

சுந்தரம் பெரியப்பா, 9:31
சரி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். தியாகராஜர் கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். சந்நியாசியை எரிப்பதில்லை. அதனால்தான் 1847 ஜனவரியில் அவர் மறைந்தபோது ஆற்றங்கரையில் சமாதி வைத்தார்கள். இதில் தப்பு கண்டுபிடி லலிதா.

லலிதா அத்தை, 9:33
தப்பே இல்லை. ஆனால் அந்தச் சமாதி பிறகு என்ன கதிக்கு ஆளாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? 1921இல் நாகரத்தினம்மாளின் குரு, மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா அவருக்குக் கடிதம் எழுதினார். இடம் பாழடைந்து கிடக்கிறது, நீதான் ஏதாவது செய்ய வேண்டும் என்று. அம்மாள் சென்னையில் கொடிகட்டிப் பறந்த பாடகி. தன் காசைப் போட்டு நிலம் வாங்கினார், கோயில் எழுப்பினார். 1926இல் கும்பாபிஷேகம் நடந்தது.

கௌரி, 9:35
ஒரே ஆளாகவா?

லலிதா அத்தை, 9:36
நகையை விற்ற காசும் அதில் இருக்கிறது. கேள், அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கோயிலைக் கட்டியவர் அவர். தியாகராஜர் நினைவாக வருடா வருடம் அங்கே நடக்கும் ஆராதனையில் பாட அவருக்கே இடமில்லை!

கௌரி, 9:36
ஏன்?

லலிதா அத்தை, 9:38
பெண் என்பதால். அதிலும் தேவதாசி என்பதால். அங்கே ஆண்களுக்குள்ளேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு. தங்களுக்குள் ஆயிரம் சண்டை, பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை. அம்மாள் மல்லுக்கு நிற்கவில்லை. 1927இல் சந்நிதிக்குப் பின்பக்கம் பெண்களை உட்கார வைத்துத் தனியாக ஆராதனை நடத்திவிட்டார். பெண்கள் கட்சி என்றே பெயர். மூன்று கட்சிகளும் ஒன்றுசேர 1940 ஆகிவிட்டது. தொலைக்காட்சியில் வருடா வருடம் பார்க்கிறோமே, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுவதை, அது அதற்குப் பிறகு வந்த வழக்கம்தான்.

பாபு மாமா (புதுச்சேரி), 9:41
எங்கள் ஊரில் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கிறது. நாடக ஆசிரியர். 1922இல் இங்கேதான் காலமானார். நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். பக்கத்துத் தெருக்காரனுக்குக் கேட்டால் தெரியாது.

சுந்தரம் பெரியப்பா, 9:42
உனக்கே போன வருடம்தான் தெரியும்.

லலிதா அத்தை, 9:44
கௌரி, இன்னொன்று. தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை அச்சில் வெட்டிக் குறைத்திருந்தார்கள். அம்மாள் முழுப் பாடத்தையும் தேடிப் பிடித்து 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசாங்கம் தடை போட்டது. தடை நீங்கியது 1947இல். அம்மாள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மீனா சித்தி, 9:52
கௌரி, உன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:
"என் அம்மா கல்யாணமான புதிதில் மாமியாருக்குத் தெரியாமல் ஆராதனைக்குப் போயிருக்கிறாள். பின்பக்கம் போய் நின்றாளாம். முன்னால் மிருதங்கம் ஓங்கினால் பின்னால் பெண்கள் குரல் அமுங்கிவிடும். அது ஓயும் வரை காத்திருந்து கேட்டாளாம். வீட்டுக்கு வந்ததும், தாசிகள் பாட்டையா கேட்டாய் என்று மாமியார் கிணற்றடியில் உட்கார வைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றினாளாம். ஈரப் புடவையோடு அதே பாட்டை முணுமுணுத்தேன் என்பாள்."

லலிதா அத்தை, 9:54
அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை!

மீனா சித்தி, 9:55
"நீ கேட்டதில்லை" என்கிறார்.

கௌரி, 10:03
[படம்]
வாசலில் பூ வாங்கினேன். சுவாமிக்குக் கழுத்து மறைய மாலை. அம்மாளுக்கு நேற்றைய கதம்பம் வாடிக் கிடந்தது. எடுத்துவிட்டு மல்லிகை இரண்டு முழம் வைத்திருக்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா, 10:04
என் பெயரிலும் ஒரு முழம் வை. பதிவிரதை என்று சொன்னதற்கு.

மீனா சித்தி, 10:06
கௌரி, பாட்டி சொல்கிறார்: "பூ போதாது, பாடச் சொல். முன்பக்கம் நின்று பாடச் சொல்."

கௌரி, 10:06
ஐயோ, நிறையப் பேர் இருக்கிறார்கள் பாட்டி!

மீனா சித்தி, 10:07
"இருக்கட்டும்" என்கிறார்.

கௌரி, 10:15
[குரல் செய்தி 1:48]

சுந்தரம் பெரியப்பா, 10:18
சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது.

லலிதா அத்தை, 10:18
அண்ணா!!