புதுப்பிப்பு: 10 வருட பேட்டரி 4 வருடத்தில் படுத்தது ஏன்?

சிங்கப்பூர் ஊபி வட்டாரத்தில் எங்கள் கடையின் யூபிஎஸ் பேட்டரிகளில் ஆயுள் 10 வருடம் என்று அச்சிட்டிருந்தும், 4 வருடத்திலேயே படுத்துவிட்டதைப் பற்றிக் கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி. வாரண்டி 3 வருடம்தான், அது முடிந்த கதை.

அறைச் சூட்டை அளக்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. இரவில் ஏர்கானை அணைத்தபின் பேட்டரிப் பெட்டிக்குள் 36 டிகிரி! அந்த 10 வருடம் 25 டிகிரிக்குப் போட்ட கணக்காம். சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும்.

எதிர்பாராதது ஒன்று. மீட்டரில் நான்கு பேட்டரிகளுமே 13 வோல்ட்டுக்கு மேல், நல்ல நிலையில் இருப்பதுபோல் காட்டின. லோடு கொடுத்ததும் ஒன்று மட்டும் சட்டென்று 9-க்கு இறங்கியது. தடவிப் பார்த்தால் பக்கவாட்டில் லேசான உப்பல். பழசோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் கெடும் என்பதால் நான்கையும் மாற்றிவிட்டேன். செலவுதான், வேறு வழியில்லை. அப்புறம், பெட்டியை அடுப்படிச் சுவரிலிருந்து தள்ளி வைத்தாயிற்று. இப்போது 29 டிகிரி.