முதுகுளத்தூர் கரிசலில் குண்டு மிளகாய்: மண் சீரமைப்புக்கு ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பகுதியில், கண்மாயையும் வடகிழக்குப் பருவமழையையும் மட்டுமே நம்பியிருக்கும் எங்கள் கரிசல் நிலத்தில், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு மிளகாயைப் பயிரிட எண்ணியுள்ளோம். மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.7 என்றும் சோடியம் மிகுதி என்றும் தெரியவந்துள்ளது. மழைநீர் இறங்காமல் தேங்கி, காய்ந்ததும் மேல்மண் ஓடாக இறுகுவது அதனோடு பொருந்தியே வருகிறது. இதற்கு ஜிப்சம் என்னும் கனிமத்தை இடுவார்கள்; அதிலுள்ள கால்சியம் மண்ணின் சோடியத்தை வெளியேற்றும் என்பது சரியே. ஆனால் வெளியேறிய உப்பைக் கழுவி வடிக்க நல்ல நீர் வேண்டுமே, ஆழ்துளைக் கிணற்று நீரோ உவர்ப்பு. ஆகவே, ஆவணியில் ஜிப்சம் இட்டு, உப்பைக் கழுவவும் விதைப்புக்கும் அதே பருவமழையை நம்புவதா, அல்லது பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுவிட்டு மிளகாயை ஓராண்டு தள்ளிப்போடுவதா? இத்தகைய மண்ணில் அனுபவமுள்ளவர்கள், ஏக்கருக்கு இட்ட ஜிப்சத்தின் அளவையும் வடிகால் அமைத்த விதத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். கடையில் விற்கும் மண் வளமூட்டிப் பொட்டலங்களை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம்.