புது விஎம்சியில் ஸ்பிண்டில் சத்தம்: வாரண்டியா, லாரிக்காரர் பொறுப்பா?

கணபதி ஜாப்வொர்க்:
கோவையில் சின்ன பட்டறை. புது விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மெஷின்) வந்து இறங்கி 70 நாள் ஆகிறது. ஈபியில் கூடுதல் லோடு கிடைக்கத் தாமதமானதால் பெட்டியைப் பிரிக்கவில்லை. போன வாரம் லெவல் செய்து ஓட்டினால், 4000 ஆர்பிஎம் தாண்டியதும் ஸ்பிண்டிலில் (டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) கரகரவென்று சத்தம். ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் (சோதனைக் கம்பி) போட்டு, ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்தேன், 300 மி.மீ. தள்ளி 0.06 மி.மீ. காட்டுகிறது. மெஷினோடு வந்த சோதனைச் சார்ட்டில் 0.012தான். சப்ளையரின் ஆள் பார்த்துவிட்டு, "லாரியில் அடிபட்டிருக்கிறது, வாரண்டியில் வராது" என்று போய்விட்டார். லாரிக்காரரோ எல்ஆரில் (லாரி ரசீது) நான் போட்ட கையெழுத்தைக் காட்டுகிறார். சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி 10 சதவீதத்தை நிறுத்தி வைக்கலாமா?

பழைய ஃபிட்டர்:
ஸ்பிண்டிலை நீங்கள் தொடவே தொடாதீர்கள். சப்ளையர் ஆள் பிரிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள். பேரிங் ட்ராக்கில் பால்களின் இடைவெளிக்கு ஏற்றபடி குழிகள் இருந்தால் அடி வாங்கியது. சூட்டில் நிறம் மாறியிருந்தால் கிரீஸ், ப்ரீலோடு (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அழுத்தம்) பக்கம் தேட வேண்டும். ஆனால் குழி இருந்தாலும் அடி எங்கே விழுந்தது என்று அது சொல்லாது. இறக்கின கிரேன் யாருடையது?

பர்சேஸ்காரன்:
பிஓவில் (பர்சேஸ் ஆர்டர்) விலை எக்ஸ்-வொர்க்ஸா (அவர்கள் ஆலையிலேயே ஒப்படைப்பு), எஃப்ஓஆரா (சொன்ன ஊரில் கொண்டுவந்து ஒப்படைப்பு)? அது தெரியாமல் யாரையும் குறை சொல்ல முடியாது. எக்ஸ்-வொர்க்ஸ் என்றால் லாரியில் ஏற்றியதுமே சேதப் பொறுப்பு பொதுவாக உங்கள் தலையில். எஃப்ஓஆர் கோவை என்றால் உங்கள் வாசல் வரை அவர்கள் பாடு. லாரிக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதும் அவர்களே.

எல்ஆர் கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் 41ஆம் பிரிவுப்படி, பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. உங்களுக்கு இடிப்பது அடுத்த பிரிவு: நியாயமான காலம் தாண்டியும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றதுதான். 70 நாளுக்கு ஈபி கடிதங்களை எடுத்து வையுங்கள். லாரிக்காரர் மேல் வழக்குப் போட, 2007ஆம் வருட சாலைவழிச் சரக்குச் சட்டப்படி புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது.

பாக்கியில் அவசரப்படாதீர்கள். தயாரிப்பாளர் உதயம் (அரசின் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாதது உங்களுக்கு எதிராகத் திரும்பும். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. அப்புறம் வாரண்டி வாசகத்தைப் பாருங்கள். "கமிஷனிங்கிலிருந்து (மெஷினை நிறுவி ஓட்டத் தொடங்கியது) 12 மாதம் அல்லது டிஸ்பாட்சிலிருந்து (ஆலையிலிருந்து அனுப்பியது) 18 மாதம், எது முந்தியதோ" என்று இருந்தால் பெட்டிக்குள் தூங்கிய நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணபதி ஜாப்வொர்க்:
பிஓ எஃப்ஓஆர் கோவைதான். ஆனால் கிரேன் என் செலவு, அதுதான் பயம். இறக்கும்போது பையன் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி லாரி மேலே இருக்கும்போதே ஷாக் ஸ்டிக்கர் (பலத்த அடி பட்டால் சிவப்பாகும் ஒட்டு) சிவப்பாக இருக்கிறது!

பழைய ஃபிட்டர்:
அப்படியானால் கிரேனைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரிஜினல் ஃபைலை அப்படியே வையுங்கள்; வாட்ஸ்அப்பில் வந்த காப்பியில் எடுத்த தேதி இருக்காது.

கணபதி ஜாப்வொர்க்:
போட்டோ, சார்ட், டயல் ரீடிங் மூன்றையும் மெயிலில் அனுப்பி, டிரான்சிட் இன்ஷூரன்ஸ் அவர்கள் எடுத்ததா என்றும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை சர்வேயரோடு (இன்ஷூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) வருகிறார்களாம். அதுவரை மெஷினை ஓட்டவில்லை.