லோரா சென்சார் தூங்கும்போதும் பேட்டரி தீர்கிறது

கேள்வி:
தோப்பில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டும் எஸ்எக்ஸ்1276 லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும் ரேடியோ) மாட்யூலும் வைத்து ஒரு மிதவை சென்சார் கட்டியிருக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து தகவல் அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகிறது, ஆனாலும் 2500 எம்ஏஎச் செல் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அனுப்பும் பவரைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்:
அதில் கை வைக்கும் முன் தூங்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்து பாருங்கள் நண்பரே. ஈஎஸ்பி32 சிப் மட்டும் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் பல போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்னும், அதாவது ஒரு நாளைக்கு 120 எம்ஏஎச், உங்கள் செல் மூன்று வாரத்தில் காலி. அதற்குப் பதில் எம்சிபி1700 ரெகுலேட்டர் போட்டால் சுமார் 2 மைக்ரோ ஆம்பியரில் முடியும், வைஃபையை எழுப்பாதவரை அது கொடுக்கும் 250 மில்லி ஆம்பியர் போதும்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன், கிட்டத்தட்ட 7 மில்லி ஆம்பியர். மீதி 2 எங்கே போகிறது?

இன்னொரு பதில்:
ஈஎஸ்பி தூங்கினால் லோரா சிப்பும் சேர்ந்து தூங்காது, அதற்குத் தனியாக ஸ்லீப் கட்டளை கொடுக்க வேண்டும். ஸ்டாண்ட்பையில் (தயாராகக் காத்திருக்கும் நிலையில்) விட்டால் சுமார் 1.6 மில்லி ஆம்பியர், ஸ்லீப்பில் 0.2 மைக்ரோ ஆம்பியர். எல்இடியையும் கழற்றிவிடுங்கள். அப்புறம், ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (லோரா சிக்னலை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு) 12-இல் வைத்திருந்தால் சிக்னல் எட்டும் அளவுக்குக் கீழே இறக்குங்கள், ஒவ்வொரு படிக்கும் அனுப்பும் நேரம் ஏறக்குறைய பாதியாகும்.